மருந்துப் பொட்டலமும் மனக்கவலையும்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழுவினரும் தன்னார்வலர்களும் கூடிய மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று கணக்கு வாசிப்பதற்கு முன்னால், அந்தக் கணக்கில் உள்ள ஒரு செலவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 'மூலிகை மருந்து, 7,500 ரூபாய்' என்று எழுதியிருக்கிறோம். அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். போட்டிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறோம். ஏன் என்று உங்கள் முன் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த முறை இதே மாதிரி மனு உங்கள் தெருவிலிருந்துதான் வரப்போகிறது.

நம் ஊரைச் சேர்ந்த ஒரு சகோதரி. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். மார்பில் கட்டி என்று மதுரையில் அறுவைச் சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒரு முறை கீமோ. நம் அறக்கட்டளை பேருந்துக் கட்டணமும் ஸ்கேன் செலவில் ஒரு பங்கும் கொடுத்து வந்தது. இரண்டாவது கீமோவுக்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார் என்று மகள் சொன்னார். அந்த நேரத்தில் கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மருமகன் விடுமுறைக்கு வந்தவர், அங்குள்ள சீன மருந்துக் கடையிலிருந்து காகிதப் பொட்டலங்கள் கொண்டு வந்தார். காய்ந்த வேர், பட்டை, ஏதோ பூ. மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒரு கிண்ணமாகச் சுண்ட வைத்து இரவில் குடிக்க வேண்டும். நம் நாட்டு மருந்துக்கடைக்காரர் கஷாயத்துக்குச் சொல்லும் அதே பக்குவம்தான்.

குடித்த ஒரு வாரத்தில் அந்த அம்மா தூங்கினார். மகள் நம் அலுவலகத்துக்கு வந்து, "அம்மா நேத்து சிரிச்சாங்க பாய்" என்று சொன்னபோது எங்களுக்கும் கண் கலங்கியது. பொட்டலம் தீர்ந்ததும் அடுத்த பார்சலுக்குப் பணம் கேட்டார்கள். கொடுத்தோம்.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். அந்த அம்மா இல்லை என்றார். கீமோ தள்ளிப்போனது. மறுபடி பரிசோதனை, மறுபடி தள்ளிவைப்பு. மூன்று வாரம் போன பிறகுதான் மகள் பொட்டலத்தின் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். அதில் இருந்த எழுத்து முழுக்கச் சீனம். டாக்டருக்கும் படிக்கத் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. கல்லீரலைத் தொந்தரவு செய்தது இந்தக் கஷாயமா, கீமோ மருந்தேயா என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நிறுத்திவிட்டுப் பார்ப்போம் என்றார். நிறுத்திய பிறகு அளவு இறங்கியது. கீமோ தொடர்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த மூன்று வாரம் யாருடைய கணக்கில் சேரும்?

"ஏம்மா டாக்டர்கிட்ட சொல்லல?" என்று கேட்டோம். "திட்டுவாருன்னு பயந்துட்டேன் பாய். அத நிறுத்தச் சொல்லிட்டா மறுபடி தூக்கம் போயிடுமே" என்றார்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தோம். அந்தக் கஷாயம் என்ன, சீனர்கள் எதற்காக அதைக் கொடுக்கிறார்கள், அதில் எவ்வளவு உண்மை என்று கிடைத்ததைப் படித்தோம், விவரம் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டோம்.

முதலில் ஒன்று. மனக்கவலைக்கு மருந்து கொடுப்பதைச் சீனர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜோங்ஜிங் என்ற சீன வைத்தியர், காரணமில்லாமல் அழும் பெண்களுக்கு என்று ஒரு கஷாயம் எழுதி வைத்திருக்கிறார். அதில் இருப்பவை மூன்றே பொருள்: அதிமதுரம், கோதுமை, நம் இலந்தையின் உறவான ஒரு பழம். பிறகு சோங் அரச காலத்து மருந்து நூலில் 'சியாவ்யாவ்' என்ற பொடி வருகிறது. அந்தச் சொல்லுக்கே கவலையற்று உலாவுதல் என்றுதான் பொருளாம். மன இறுக்கத்தால் கல்லீரலில் உயிரோட்டம் அடைபடுகிறது, அதைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இன்றும் சீனாவில் புற்றுநோயாளிகளின் சோர்வுக்கும் துக்கத்துக்கும் இந்த வகை மருந்துகளைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள்.

நம்மவர்கள் மட்டும் என்ன? இப்னு சீனா இதயத்துக்கான மருந்துகளைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதினார். மகிழ்ச்சியும் துக்கமும் உடலை என்ன செய்கின்றன என்று அதில் பேசுகிறார். யுனானி ஹகீம்கள் 'முஃபர்ரிஹ்' என்று ஒரு மருந்து வகையே வைத்திருக்கிறார்கள், மனத்தை மலர்த்துவது என்று அர்த்தம். சித்த வைத்தியத்தில் அமுக்கரா சூரணம் இருக்கிறது. அமுக்கரா பற்றி 2013ல் மலேசியாவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கீமோ எடுக்கும் மார்பகப் புற்றுநோயாளிகள் 100 பேர், அதில் ஒரு பகுதியினருக்கு அமுக்கரா கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்குச் சோர்வு குறைவாக இருந்ததாக முடிவு சொன்னது. ஆனால் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. சாப்பிடுகிறவருக்கும் தான் மருந்து சாப்பிடுவது தெரியும். நமக்காக ஒருவர் அக்கறை எடுக்கிறார் என்று தெரிந்தாலே பாதிச் சோர்வு போய்விடும் அல்லவா? அதைக் கழித்துவிட்டு மருந்துக்கு எவ்வளவு பங்கு என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

சீன மூலிகை ஆய்வுகளிலும் பெரும்பாலும் இதே குறைதான். எண்ணிக்கையில் நிறைய உண்டு. மனச்சோர்வு குறைந்தது, தூக்கம் வந்தது என்று பலவும் சொல்கின்றன. ஆனால் அநேகமானவை சிறியவை, மருந்து எது, வெறும் பொடி எது என்று மறைக்காமல் செய்தவை. ஹாங்காங்கில் அப்படி மறைத்துச் செய்த ஒரு நல்ல ஆய்வு 2007ல் வெளியானது. மார்பக, குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்குச் சீன மூலிகை கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அணுக்கள் குறைவதை அது தடுக்கவில்லை. குமட்டல் மட்டும் குறைந்தது. அது ஒன்றும் அற்பமான விஷயமில்லை. குமட்டிக்கொண்டே மூன்று நாள் கிடந்தவரைக் கேட்டால் தெரியும். ஆனால் கடைக்காரர் சொல்லும் 'நோயை வேரோடு எடுக்கும்' என்பதற்கும் இதற்கும் வெகுதூரம்.

அடுத்து, 'மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை' என்ற பேச்சு. இதை வேறு ஊர்க்காரர்கள் சொன்னால் மன்னிக்கலாம், நம் மாவட்டத்துக்காரர்கள் சொல்லக் கூடாது. ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிராகிறது. அதன் விதையிலிருந்துதான் கோல்ச்சிசின் என்ற மருந்தை எடுக்கிறார்கள், வெளிநாடு வரை போகிறது. அதே செடியின் கிழங்கைத் தின்றால் உயிர் போகும் என்பது அந்தத் தோட்டத்துச் சிறுபிள்ளைக்கும் தெரியும். கபர்ஸ்தான் ஓரங்களில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்கிறோம். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1960களிலிருந்து பயன்படும் வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். அதற்காக அந்த இலையைப் பறித்துக் கஷாயம் வைத்தால் நரம்பையும் ரத்தத்தையும் கெடுக்கும். பிரித்து, சுத்தம் செய்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றினால்தான் மருந்து. சீனாவிலும் இப்படியே நடந்தது. ஹார்பின் நகரத்து மருத்துவர்கள் 1970களில் ஒரு நாட்டு வைத்தியக் குறிப்பில் இருந்த பாஷாணத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். அதுதான் இன்று ஒரு வகை ரத்தப் புற்றுநோயைப் பெரும்பாலானோருக்குக் குணமாக்கும் மருந்தாக ஊசியில் ஏறுகிறது.

ஆடுதின்னாப்பாளையை உங்களில் விவசாயம் பார்ப்பவர்கள் அறிவீர்கள். கரிசல் காட்டிலும் வரப்போரத்திலும் படர்ந்து கிடக்கும். ஆடு எதையும் விடாது, இதை விட்டுவிடும், அதனால்தான் அந்தப் பெயர். அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு சீனச் செடி 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பெரும் கேடு செய்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிய வைக்கும் ஒரு சிகிச்சையில் சீன மூலிகைப் பொடி கொடுத்தார்கள். இரண்டு மூலிகைகளின் சீனப் பெயர்கள் ஏறக்குறைய ஒன்று போல இருந்ததால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று சேர்ந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. சில ஆண்டுகளில் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயே வந்தது. அந்த இனத்துச் செடிகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002ல் பட்டியலில் சேர்த்தது. கோலாலம்பூர் பொட்டலத்தில் அது இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பெயர் படிக்க முடியாத பொட்டலத்துக்கு நம் பைத்துல்மால் பணம் கொடுத்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. மேற்கு நாடுகளில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் ஒரு மூலிகை உண்டு, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்பார்கள். இரினோடெகான் என்ற கீமோ மருந்து எடுப்பவர்கள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டபோது, ரத்தத்தில் வேலை செய்ய வேண்டிய மருந்தின் அளவு சுமார் 40 சதவீதம் குறைந்துவிட்டது. கவலைக்குச் சாப்பிட்டது, புற்றுநோய் மருந்தையே குறைத்துவிட்டது. சியாவ்யாவ் பொடியில் சேரும் டாங்குய் என்ற வேரை, ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். வாந்தி எடுத்து எடுத்து ஏற்கனவே வற்றிப்போன உடம்பு அதைத் தாங்குமா?

எல்லாவற்றையும் விட மோசமானது, மூலிகையை நம்பி ஆஸ்பத்திரியையே விட்டுவிடுவது. அமெரிக்காவில் 2018ல் வெளிவந்த ஓர் ஆய்வில், குணமாக்கக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்டவர்கள், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இறந்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்குக்கும் மேல். கருஞ்சீரகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "ஹதீஸில் இருக்கிறது, ஆபரேஷன் எதற்கு?" என்று கேட்ட ஒருவரை நாம் அடக்கம் செய்திருக்கிறோம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னவர்களும் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்தாம். இதை ஹஜ்ரத் அவர்கள் ஒரு ஜும்ஆவில் விளக்கினால் எங்கள் பேச்சைவிட நன்றாகப் போய்ச் சேரும்.

ஹதீஸ் என்று சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் கடந்துபோன ஹதீஸ், இப்போதுதான் நிறுத்திப் படித்தோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தால் தல்பீனா காய்ச்சச் சொல்வார்களாம். வாற்கோதுமை மாவில் காய்ச்சும் கஞ்சி அது. நோயாளியின் மனத்துக்கு அது ஆறுதல் தரும், துக்கத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அறிவிக்கிறார்கள். ஒரு பகுதி என்றுதான் வருகிறது. முழுத் துக்கத்தையும் போக்கும் என்று வரவில்லை. கோலாலம்பூர் கடைக்காரரிடம் அந்த அளவு அடக்கம் இருந்திருந்தால் நல்லது.

அந்த மகளிடம் பிறகு நிதானமாகப் பேசினோம். கஷாயம் சுண்ட முக்கால் மணி நேரம் ஆகுமாம். வேலையெல்லாம் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு அவர் அடுப்படியில் நிற்பார். வாசனை பிடித்து அந்த அம்மாவும் எழுந்து வந்து பலகையைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். என்ன பேசினீர்கள் என்று கேட்டோம். "ஒண்ணுமில்ல பாய். அத்தா காலத்துக் கதை. அப்புறம் ஒருநாள் அம்மாவே கேட்டாங்க, எனக்கு வந்திருக்கது கேன்சர்தானேன்னு" என்றார். அதுவரை அந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. 'கட்டி' என்றே சொல்லி வைத்திருந்தார்கள். அறுவைச் சிகிச்சை நடந்து, முடி கொட்டி, புற்றுநோய்ப் பிரிவு என்று பலகை மாட்டிய வாசல் வழியாக நுழைந்து வந்தவருக்குத் தெரியாதா? தெரிந்தும் தெரியாதவர் மாதிரி, எல்லோருக்காகவும் நடித்துக்கொண்டிருந்தார். தூக்கம் எப்படி வரும்?

பொட்டலத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறுத்திய பிறகு மகள் அதே நேரத்தில் பார்லிக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார். தூக்கம் அப்போது போல இல்லை, ஆனால் கொஞ்சம் இருக்கிறது என்கிறார் அந்த அம்மா. டாக்டரிடம் தூக்கமின்மையைச் சொல்லி ஒரு மாத்திரையும் இப்போது எழுதி வாங்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் தூக்கமின்மையை ஒரு நோயாக டாக்டரிடம் சொல்லலாம் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. கட்டியைப் பற்றி மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது. வெளிநாட்டு மருத்துவமனைகளில் ஒரு வெப்பமானி படத்தை நோயாளியிடம் நீட்டி, 'இந்த வாரம் உங்கள் மனவேதனை 0 முதல் 10 வரை எவ்வளவு' என்று கேட்கிறார்கள். 4லோ அதற்கு மேலோ கைவைத்தால் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள். இதைச் செய்ய நம் தன்னார்வலர்களுக்கு எந்தப் பட்டமும் தேவையில்லை. 'உடம்பு எப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டு எழுந்து வருவதைவிட, எண் கேட்பது நல்லது. நம் சனங்களுக்கு மனவேதனை என்று சொன்னால் வெட்கம், ஆனால் 'எட்டு' என்று சொல்வதற்குக் கூச்சம் இருக்காது.

வலியை மறந்துவிட வேண்டாம். மனம் உடைந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பலருக்கு உண்மையில் வலி தீரவில்லை. இரவெல்லாம் முதுகு குடையும்போது யார் சிரிப்பார்கள்? மார்ஃபின் மாத்திரை என்றாலே கடைசி நேரம் என்று நம் வீடுகளில் பயம். சரியான அளவில் மருத்துவர் கொடுத்தால் அது வலியைக் குறைத்து, உட்கார்ந்து கஞ்சி குடிக்க வைக்கும். நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சேவை செய்கிறார்கள். நம் வார்டு செவிலியரிடம் பெயர் கொடுத்திருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளுங்கள். கோழிக்கோட்டில் 1993ல் ஒரு சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், பிறகு மலப்புரம் மாவட்டத்தில் தெருத் தெருவாகப் பரவியது. அங்கே மளிகைக் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் மதரஸா ஆசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் நோயாளிகளோடு உட்காருகிறார்கள், பணமும் அவர்களே திரட்டுகிறார்கள். நம் அறக்கட்டளையில் பணம் திரட்டுகிறோம். உட்கார ஆள் இல்லை.

ஆகையால் குழுவில் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். சீன மருந்தோ, சித்தமோ, யுனானியோ, எதுவாக இருந்தாலும் மூலிகைக்குப் பணம் கேட்டு வரும் மனுவை நிராகரிக்க மாட்டோம், உடனே கொடுக்கவும் மாட்டோம். மனு கொடுத்தவரோடு நம்மில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். பொட்டலத்தையும் லேபிளையும் எடுத்துக்கொண்டு போய், சிகிச்சை செய்யும் டாக்டரின் மேசையில் வைப்பார். திட்டினால் அந்தத் திட்டை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். உள்ளே இருப்பது என்ன என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதியிராத எதற்கும் நம் பணம் போகாது. சித்த மருந்து வேண்டுமென்றால் தெருவில் விற்பவரிடம் வேண்டாம், அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பதிவு செய்த மருத்துவரிடம் கேட்கலாம், அவரிடமும் கீமோ சீட்டைக் காட்டிவிட்டு. இதுவரை நோயாளிக்கு மட்டும் கொடுத்த பேருந்துக் கட்டணம் இனி கூட வருபவருக்கும் சேர்த்து. இதில் சிலருக்கு மாற்றுக் கருத்து இருந்தது, செலவு இரட்டிப்பாகும் என்றார்கள். ஆகட்டும். அந்த 7,500 ரூபாயில் எத்தனை முறை ஒரு மகளை மதுரைக்கு அழைத்துப் போயிருக்கலாம்!

கடைசியாக ஓர் அவசரம். வரும் செவ்வாய்க்கிழமை அந்தச் சகோதரிக்கு ஐந்தாவது கீமோ. மகளின் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல், அவரால் போக முடியாது. பெண் தன்னார்வலர் ஒருவர் காலை 6 மணிப் பேருந்தில் கூடப் போய், மாலை வரை வார்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். அஸ்ருத் தொழுகைக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும், பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.